வாசிகசாலையின் பற்றரி: யாழ்ப்பாணத்தில் ஆறு நாள்

முதல் நாள்: காங்கேசன்துறை

நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறையில் வந்து கட்டியது. 1996-ஆம் ஆண்டு இதே கடலை மறுபக்கமாக, மன்னார்க் கரையிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில், இருட்டில் கடந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. கையில் இருந்தவை பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றுத் தாளும் ஒரு சோடி உடுப்பும். இன்று கையில் இருந்தவை கடவுச்சீட்டு, ஒரு பை நிறைய எல்.ஈ.டி. விளக்குகள், இரண்டு மின்னேற்றக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், மின்சாரம் அளக்கும் என் பழைய மல்ரிமீற்றர். சுங்கத்தில் இருந்த இளைஞர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கடை போடப் போகிறீர்களா அக்கா?" என்று கேட்டார். வடமராட்சி கிழக்கில் ஒரு வாசிகசாலைக்கு என்றேன். "எங்கள் ஊர் வாசிகசாலையிலும் லைற் இல்லை" என்று சொல்லிப் பையை மூடித் தந்தார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்தில், கிராமப் பள்ளிகளுக்கும் மாலை வகுப்புகளுக்கும் சூரிய மின்விளக்குப் பொருத்தும் சிறிய குழுவொன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அகதியாகப் போன இடத்தில் கற்றுக்கொண்ட தொழில். என் பள்ளித் தோழி வடமராட்சி கிழக்கில் ஆசிரியையாக இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில், "எங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலைக் கூரையில் சோலார்த் தகடு இருக்கிறது, உள்ளே பற்றரி இருக்கிறது. வெளிச்சம் மட்டும் இல்லை. வந்து பார்" என்றாள். அவ்வளவுதான், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் குறிப்புகளை ஒவ்வொரு நாளும் இரவில் எழுதிப் பதிவிடப் போகிறேன்.

இணுவிலில் சின்னம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு உட்கார்ந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அரை மணி நேரம்தான். ஆனால் அந்த அரை மணியில் சின்னம்மாவும் நானும் பேசியது முழுக்க ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் 1990-இல் போரோடு நின்றது. மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாகி, கிடைத்த கொஞ்சமும் தங்க விலைக்கு விற்றது. குப்பி விளக்குக்கு ஊற்றக் கட்டாது. அப்போதுதான் அந்த விளக்கு எங்கள் எல்லா வீடுகளுக்கும் வந்தது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பிலிருந்து கழற்றிய வால்வுக்குள் நூல் திரி. போத்தலே சிமினி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரவுப் படிப்பு முடிந்துவிடும். வானொலிப் பெட்டிக்குப் பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டோம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு நான் படித்தது அந்த வெளிச்சத்தில். சின்னம்மா இன்று சொன்ன ஒரு வார்த்தை மனதில் நிற்கிறது. "அந்த விளக்கைத் திருத்தத் தெரியாத வீடு எங்கள் ஒழுங்கையில் இருந்ததா பிள்ளை?" இருக்கவில்லை. வால்வு அடைத்தால் ஊசியால் குத்துவோம். திரி கருகினால் பழைய சேலையில் நூல் உருவுவோம். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள்: யாழ்ப்பாண நகரம்

காலையிலிருந்து கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். கப்பலில் பற்றரி ஏற்றும் வம்பு வேண்டாம் என்று அதை இங்கேயே வாங்குவதாக இருந்தேன்.

முதல் கடையில் லொறிப் பற்றரியைக் காட்டினார்கள். விலை குறைவு. ஊரில் பலரும் அதைத்தான் சோலாருக்கு வாங்கிப் போகிறார்கள் என்றார் வேலைக்கு நின்ற பையன். இந்தத் தவறை நான் தமிழ்நாட்டிலும் நூறு இடத்தில் பார்த்துவிட்டேன். லொறிப் பற்றரி ஒரு விநாடியில் பெரும் மின்சாரத்தைக் கொட்டி இயந்திரத்தைக் கிளப்புவதற்கென்று செய்தது. அதன் ஈயத் தட்டுகள் மெல்லியவை. அதை ஒவ்வொரு இரவும் அரைவாசிக்கு மேல் வடியவிட்டால் ஓராண்டைத் தாண்டாது. விளக்குக்கு வேண்டியது தடித்த தட்டுள்ள பற்றரி, மெதுவாகக் கொடுத்து மெதுவாக வாங்குவது. இரண்டாவது கடைக்காரர் வயதானவர். நான் கேட்பதற்கு முன்பே, "வெளிச்சத்துக்கா, வாகனத்துக்கா?" என்று கேட்டார். அவரிடமே வாங்கினேன். பழைய பற்றரியைக் கொண்டுவந்தால் ஈயத்தின் விலையைக் கழித்துத் தருவதாகவும் எழுதிக் கொடுத்தார். காய்ச்சி வடித்த நீர் நான்கு போத்தல், பற்றரி அமிலத்தை அளக்க அடர்த்திமானி ஒன்று, முனைகளுக்குப் பூசக் கிறீஸ். பை நிறைந்துவிட்டது.

மத்தியானம் வண்ணார்பண்ணைப் பக்கமாக நடந்தேன். ஆறுமுக நாவலர் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய இடம் அது. அமெரிக்க மிஷனரிமார் அதற்கு முன்பே 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824-இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியையும் தொடங்கிவிட்டார்கள். 1945-இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, அதுவரை கட்டணம் கட்ட முடியாமல் வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளையும் உள்ளே எடுத்தது. என் அம்மா அந்தச் சட்டத்தின் பிள்ளை. அரச பாடசாலையில் புத்தகமும் சீருடையும் இன்றும் இலவசம்தான்.

ஆனால் நகரத்து மதில்களில் நான் இன்று கண்டதெல்லாம் ரியூசன் விளம்பரம். பாடசாலை இலவசமாக இருந்தும், பின்னேரப் படிப்புக்குக் காசு வேண்டியிருக்கிறது. காசு உள்ள பிள்ளை நகரத்துக்கு வந்து படிக்கிறது. வடமராட்சி கிழக்கில் மருதங்கேணிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பஸ் காசும் இல்லை, இருட்டிய பிறகு பஸ்ஸும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே பின்னேர வகுப்பறை ஊர் வாசிகசாலை. அது இருண்டு கிடந்தால் இலவசக் கல்வி பின்னேரம் இரண்டு மணியோடு முடிந்துவிடுகிறது.

மூன்றாம் நாள்: எழுவைதீவு

ஊர்காவற்றுறையில் படகேறி எழுவைதீவுக்குப் போனேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று, படகு நன்றாகத் தூக்கிப் போட்டது. என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். தினமும் காலையில் போய்ப் பின்னேரம் திரும்புகிறார்கள். படகு பிந்தினால் முதல் பாடம் போய்விடும். ஒரு ஆசிரியை படகின் விளிம்பில் உட்கார்ந்து, நனையாமல் மடியில் பொத்திப் பிடித்தபடி, பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே வந்தார்.

நான் போனது அங்குள்ள மின்நிலையத்தைப் பார்க்க. முன்பு டீசல் இயந்திரம் மட்டும் ஓடிய தீவு இது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இப்போது சூரியத் தகடுகளும் சிறிய காற்றாடிகளும் லித்தியம் பற்றரிகளும் சேர்ந்து மின்சாரம் கொடுக்கின்றன. டீசல் துணைக்கு மட்டும் நிற்கிறது. வெயிலும் காற்றும் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. சோளகம் வீசும் மாதங்களில் இரவிலும் காற்றாடி சுற்றுகிறது. கடை வைத்திருக்கும் அம்மா, பனங்கட்டித் துண்டோடு வெறும் தேநீர் தந்துவிட்டு, "முந்தி மோட்டர் நின்றால் தீவே நித்திரைக்குப் போய்விடும்" என்றார்.

பக்கத்துத் தீவுகளுக்கும் இதே முறைக்குத் திட்டம் போட்டார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான திட்டம் 2021-இல் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா மறுப்புத் தெரிவிக்க, அது கைவிடப்பட்டது. பிறகு 11 மில்லியன் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச் 1-இல் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்சாரம், 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரம், 2,400 கிலோவாற்று மணி பற்றரி, துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல். பத்திரிகைகள் இதை இரண்டு நாடுகளின் போட்டியாகவே எழுதின. என் கவலை வேறு. திறப்பு விழாவுக்கு ஐந்தாண்டு கழித்து ஒரு பெட்டி பழுதானால், அந்தத் தீவில் பிறந்த யார் அதைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

நான் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் பீகாரில் தர்னாய் என்றொரு கிராமம். 2014-இல் அங்கே 100 கிலோவாற்றுச் சூரிய மின்நிலையம் திறந்தபோது நாடே அதைப் பேசியது. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தெருவுக்கும் வெளிச்சம். சில ஆண்டுகளில் பற்றரிகள் ஓய்ந்தன. அதைவிட மலிவான அரச மின்சாரமும் ஊருக்குள் வந்தது. நிலையத்தை யாரும் திருத்தவில்லை. கடைசியில் அந்த நிலையம் மாடு கட்டும் இடமாகப் போனது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறக்கக்கூடாத ஊர் அது.

மாறாக, நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. 2006-இல் அவர்கள் வங்கிக் கடன் வாங்கி, தங்கள் சேமிப்பையும் போட்டு, 350 கிலோவாற்றுக் காற்றாலை ஒன்றைத் தங்கள் ஊராட்சியின் பெயரிலேயே நிறுவினார்கள். ஊருக்குத் தேவையானது போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். கடன் வாங்கியவனுக்குத் தன் பொருள் பழுதாவது பொறுக்காது. தர்னாய்க்கு வந்தது நன்கொடை, ஓடந்துறைக்கு வந்தது கடன். இந்த வித்தியாசத்தை நான் பல ஆண்டாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் நாள்: வடமராட்சி கிழக்கு

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை, தோழி அப்படிக் கேட்டுக்கொண்டாள். 2004 மார்கழிக் கடல் கொண்டுபோய், மறுபடி கட்டிய ஊர். பிறகு போர் வந்து, இடம்பெயர்ந்து, மறுபடியும் திரும்பிவந்த ஊர். பஸ் இறங்கும் இடத்தில் ஒரு பக்கம் வெண்மணல் மேடு, மறுபக்கம் பனங்கூடல்.

வாசிகசாலைக்கு முன்பு மின்சபை இணைப்பு இருந்தது. 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. அதே ஆண்டு ஆவணியில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 மாசியில் மறுபடி 66 சதவீதம். சந்தாக் காசில் நடக்கும் சனசமூக நிலையம் அதை எப்படிக் கட்டும்? பாக்கி ஏறி, இணைப்பு வெட்டப்பட்டது. ஊரில் மூன்று வீடுகளுக்கும் அதே கதை. அந்த மூன்று வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சோலார் தொகுதி அதற்கு முன்பே யாரோ நன்கொடையாகத் தந்தது. பற்றரிப் பெட்டிக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு பலகை. பலகையில் சிவப்பு மையில், "தொட வேண்டாம்."

திறப்பு யாரிடமும் இல்லை. பொருத்த வந்தவர்கள், பழுதானால் தங்களுக்கு அறிவிக்கும்படி சொல்லித் திறப்பைக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் தந்த தொலைபேசி இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. ஊரார் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தொடாமலே இருந்திருக்கிறார்கள். பூட்டை அரிவாளால் நெம்பித் திறந்தோம்.

மல்ரிமீற்றரை வைத்தேன். முழுதாக மின்னேற்றிய நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்றுக்கு மேலே காட்டும். இது 4.1. மூடிகளைத் திருகித் திறந்து ரோச் லைற்றை அடித்துப் பார்த்தால், ஆறு அறையிலும் தண்ணீர் இல்லை. தட்டுகள் வெள்ளைப் பொருக்குப் படிந்து, வற்றிய உப்பளம் போலக் கிடந்தன. மாதம் ஒருமுறை ஒரு குவளை காய்ச்சி வடித்த நீர் விட்டிருந்தால் இன்னும் சில ஆண்டு ஓடியிருக்கும். என் தோழி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "தாகத்தில் செத்திருக்கிறது" என்றாள்.

கூரைக்கு ஏறினேன். காகத்தின் எச்சமும் கடல் உப்பும் சேர்ந்து தகட்டின் மேல் தோல் போலப் படிந்திருந்தன. ஈரத் துணியால் துடைத்து, கம்பிகளைக் கழற்றி அளந்தேன். 20.8 வோல்ற்று. தகட்டுக்கு உயிர் இருக்கிறது! இவை இருபத்தைந்து ஆண்டு உழைக்கக்கூடியவை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் செப்பு முனைகள் பச்சைக் களிம்பு ஏறி உதிர்ந்துவிட்டன, அதற்கு நான் கொண்டுவந்தது இருக்கிறது. ஆக, செத்தது பற்றரி ஒன்றுதான்.

கீழே இறங்கியபோது முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நாளைக் காலை நான் பொருத்த மாட்டேன், நீங்கள்தான் பொருத்தப் போகிறீர்கள், மூன்று பேர் வேண்டும், ஊரைவிட்டுப் போகாதவர்களாக இருக்கவேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து மூன்று பெண்கள் முன்னே வந்தார்கள்.

ஐந்தாம் நாள்: அதே ஊர்

மூவரில் ஒருவர் முன்பள்ளி ஆசிரியை. ஒருவர் கருவாடு போட்டு விற்பவர், கணவர் போரில் இல்லாமல் போனவர். மூன்றாமவர் வலை பொத்தும் அக்கா. ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், பரவாயில்லையா தங்கச்சி?" என்று கேட்டபடியே உட்கார்ந்தார்.

அவருக்கு நான் திலோனியாவைச் சொன்னேன். ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்து வறண்ட கிராமம் அது. 1972-இல் பங்கர் ராய் அங்கே தொடங்கியதை எல்லாரும் வெறுங்கால் கல்லூரி என்கிறார்கள். பகலில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளி. மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதில் சூரிய லாந்தர். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்குப் பிள்ளைகளே வாக்களித்துத் தெரிவுசெய்யும் பாராளுமன்றம். அங்கே சூரிய மின் வேலை பழக வருகிறவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாத நடுவயதுப் பெண்கள், பாட்டிமார். ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குத் தெரியாது. நிறத்தையும் அடையாளத்தையும் கையையும் வைத்தே ஆறு மாதத்தில் பழகிவிடுகிறார்கள். இளைஞருக்குப் பழக்கினால் சான்றிதழை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுவார். பாட்டி தன் ஊரில்தான் இருப்பார். இதுதான் அவர்களின் கணக்கு. நான் ஒருமுறை பத்து நாள் அங்கே தங்கியிருக்கிறேன். என் அருகில் இருந்த ஒரு பாட்டி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஈயம் உருக்கி ஒட்டிய ஒட்டு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

வலை பொத்தும் அக்கா கம்பியின் தோலை உரித்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான் குறட்டைக் கொடுத்தேன். அதை வைத்துவிட்டு, வலை வெட்டும் சிறு கத்தியை எடுத்தார். கம்பியைப் பெருவிரலில் வைத்து ஒரு சுற்று. தோல் கழன்று வந்தது, உள்ளே ஒரு செப்பு இழைகூட அறவில்லை. இழைகளைக் கண்ணிபோல முறுக்கி முனையில் மாட்டினார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சிவப்பு நேர், கறுப்பு மறை. முதலில் பற்றரியைக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைக்கவேண்டும், அதன் பிறகே தகட்டை. கழற்றும்போது இந்த வரிசை தலைகீழ். மூன்று பேரும் மூன்று தரம் கட்டிக் கழற்றினார்கள்.

கிணற்றுத் தண்ணீர் விட்டால் என்ன என்று முன்பள்ளி ஆசிரியை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கருவாட்டுக்கார அக்கா சொன்னார்: "எங்கள் கிணறு உப்பு. எங்கள் வாய்க்கே ஆகாதது பற்றரிக்கு எப்படி ஆகும்?"

பழைய பெட்டி மணலில் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அதை மட்டமாக்க அடியில் வைக்க ஒரு பலகை வேண்டியிருந்தது. சிவப்பு எழுத்துப் பலகை சரியான தடிப்பாக இருந்தது, அதையே வைத்தோம்.

மத்தியானம் ஒரு சிக்கல். தெற்குப் பார்த்துப் பத்துப் பாகை சரிவில் தகட்டை வைத்தாயிற்று. மூன்று மணிக்குப் பக்கத்து வளவுப் பனையின் ஓலை நிழல் தகட்டின் ஓரத்தில் விழுந்தது. ஓரம்தானே என்று விட முடியாது. தகட்டுக்குள் இருக்கும் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒரு துண்டு நிழலில் நின்றால் அது மற்றவற்றையும் மறிக்கும். மீற்றர் முள் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அந்த வளவுக்காரருக்கும் நிலையத்துக்கும் எல்லை வேலித் தகராறு, பல ஆண்டாகப் பேச்சு இல்லை. இளைஞர்கள் தகட்டை எட்டு அடி தள்ளி வைப்போம் என்றார்கள். வலை பொத்தும் அக்கா எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, வேலிப் பொட்டுக்குள்ளால் போய்விட்டார். அரை மணி கழித்து அந்த வளவுப் பெரியவரே கத்தியோடு வந்தார். என்ன பேசினார்கள் என்று அக்கா எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு ஓலை விழுந்தது. பெரியவர் மீற்றர் முள் ஏறுவதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். என் தோழி அவர்களுக்கு அதையே பாடமாக்கினாள். ஏழு வாற்று விளக்கு நான்கு, மூன்று மணி நேரம். எவ்வளவு? எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கரித்துண்டால் நிலத்தில் எழுதிப் பார்த்து, 84 வாற்று மணி என்றது. பற்றரி 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி, அதில் பாதியைத்தான் தொடலாம், அப்படியானால் 600. மாரியில் மூன்று நாள் வெயில் காணாவிட்டால்? 252. "அப்போதும் மிச்சம் இருக்கிறது மிஸ்!" என்று அந்தப் பிள்ளை எழுந்து நின்று சொன்னது. விஞ்ஞானப் புத்தகத்தில் இதே பாடம் இருக்கிறது. ஆனால் தங்கள் தலைக்கு மேலே எரியப் போகிற விளக்கின் கணக்கை ஒரு பிள்ளை போடும்போது, அந்த முகத்தில் தெரிவதை எந்தப் புத்தகமும் தராது. கிராமத்துக்கு மலிவான கல்வி என்று நான் இத்தனை ஆண்டாகச் சொல்லிவருவது இதைத்தான்.

ஆறரை மணிக்கு விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

இரவு மாதர் சங்கக் கூட்டம். இங்கே பேச்செல்லாம் காசைப் பற்றித்தான், அப்படித்தான் இருக்கவேண்டும். நல்ல பராமரிப்பில் இந்தப் பற்றரி நான்கைந்து ஆண்டு வரும். அதன் பிறகு? கடைக்காரர் தந்த சிட்டையை நடுவில் வைத்தோம். விலையை அறுபது மாதத்தால் வகுத்து, இருபது வீட்டால் வகுத்தால், வீட்டுக்கு மாதம் ஒரு இறாத்தல் பாணின் விலையில் பாதிக்குக் கிட்ட வருகிறது. கருவாட்டுக்கார அக்கா, "இதைச் சீட்டாகக் கட்டுவோம். கடைசிச் சீட்டு வாசிகசாலைக்கு" என்றார். இந்த ஊரில் சீட்டுக்காசு கட்டத் தவறிய பெண் கிடையாது. பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய மண்ணுக்கு இது புதிதும் அல்ல.

இணைப்பு வெட்டப்பட்ட மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்பது அடுத்த பேச்சு. கர்நாடகத்தில் ஹரிஷ் ஹண்டேயின் செல்கோ நிறுவனம் செய்த ஒரு வேலையைச் சொன்னேன். அவர்கள் சூரியத் தகட்டைப் பள்ளிக்கூரையில் வைத்து, பிள்ளைகளுக்குச் சிறிய விளக்கும் பற்றரியும் கொடுத்தார்கள். பற்றரியைச் சாப்பாட்டுப் பெட்டிபோலத் தினமும் பள்ளிக்குக் கொண்டுவந்து மின்னேற்றிக்கொண்டு போகவேண்டும். வீட்டில் வெளிச்சம் வேண்டுமென்றால் பிள்ளை பள்ளிக்கு வந்தாக வேண்டும். பம்பாய் ஐ.ஐ.டி.யின் திட்டத்தில் பத்து இலட்சம் மாணவ விளக்குகளைக் கிராமத்தவர்களே பூட்டி, 120 இந்திய ரூபாய்க்கு விற்றார்கள், பழுதையும் அவர்களே பார்த்தார்கள். சும்மா கொடுக்கவில்லை என்பதை அழுத்திச் சொன்னேன். சங்கத் தலைவி யோசித்துவிட்டு, "மூன்று விளக்கு நீங்கள் தாருங்கள். அதன் காசைப் பிள்ளைகளின் தாய்மார் மாதாமாதம் சீட்டுப் பெட்டியில் போடட்டும், உங்களுக்கு வேண்டாம்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

இளைஞர் இருவர் கைப்பேசி மின்னேற்றலாமா என்று கேட்டார்கள். இப்போது வேண்டாம், முதலில் ஒரு மாரியைக் கடப்போம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அதில் மனக்குறை. அது நியாயமானதுதான், தகட்டை அவர்கள்தான் தோளில் வைத்து ஏற்றினார்கள். அடுத்த முறை வரும்போது இன்னொரு தகடு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் நாள்: கப்பல்

சின்னம்மா ஒடியல் மாவும் மிளகாய்த் தூளும் கட்டித் தந்தார். செத்த பற்றரியை நகரத்துக் கடையில் கொடுத்தேன், பெரியவர் சொன்னபடியே ஈயத்துக்கு விலை போட்டார். அந்தக் காசை, பஸ் சாரதியிடம் கொடுத்தனுப்பாமல், தோழி வரும்வரை காத்திருந்து அவள் கையில் கொடுத்தேன். அதுதான் சீட்டுப் பெட்டியின் முதல் காசு.

காங்கேசன்துறையில் வரிசையில் நிற்கும்போது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. வாசிகசாலைச் சுவரில், பற்றரிப் பெட்டிக்கு மேலே, வெண்கட்டியால் நான்கு நிரல் கோடு போட்டிருக்கிறார்கள். திகதி, நேரம், வோல்ற்று, கையொப்பம். முதல் வரிசையில், எழுத்துக் கூட்டி எழுதிய பெரிய எழுத்தில், காலை 6.10, 12.5. அதற்குக் கீழே பென்சிலால் சின்னதாக, "தகடு கழுவியாயிற்று."